பைபர் போட்டும் தண்ணி குடிக்கும்: மூத்தவாப்பாவின் சுறா எண்ணெயிலிருந்து மச்சானின் ஆழ்கடல் போட் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. கடலை நம்பி உலை வைக்கிற வீட்டுக்காரர்கள் பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் போட் வைத்திருக்கும் வாப்பாமார், காக்காமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன வருசம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை, மச்சான் தன்னுடைய ஆழ்கடல் போட்டைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். 32 அடி பைபர் போட். திருத்த வேலைக்காகக் கரையேற்றி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். பாசியையும் சிப்பியையும் சுரண்டி எடுத்த பிறகு பார்த்தால், தண்ணீருக்குள் கிடந்த அடிப்பக்கம் முழுக்க அம்மை வார்த்த மாதிரிக் கொப்புளம். சிலது பயறளவு. சிலது ரெண்டு ரூபாக் குத்தியளவு. மச்சான் ஒன்றை ஆணி நுனியால் குத்தினார். உள்ளே இருந்த தண்ணி சீறிக்கொண்டு வெளியே வந்தது. விரலில் பிசுபிசுத்தது. வினாகிரி மாதிரிப் புளிச்ச மணம்.

"நீங்கதானே மச்சான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற. ஓட்டை இல்லாத பைபருக்குள்ள தண்ணி எப்பிடிப் போன?"

திருத்துகிறவர் பக்கத்தில்தான் நின்றார். "இதெல்லாம் ஒண்டுமில்ல. சுரண்டி, புட்டி வெச்சு, பெயின்ட் அடிச்சா ரெண்டு நாளையில கடல்ல இறக்கலாம்" என்றார். அந்தப் போட்டுக்காக ராத்தாவின் நகை வங்கியில் இருக்கிறது. அதில் தொழிலுக்குப் போகும் நாலு பேரின் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ரெண்டு நாள் என்றால் யாருக்கும் ஆசைதான்.

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் போட் கட்டுகிறவன் இல்லை, வாத்தியார். அதனால் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இது ஒரு போட்டின் கதையல்ல, பெரிய வரலாறு என்று விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

தண்ணீருக்கும் தோணிக்கும் உள்ள சண்டை இன்று நேற்று தொடங்கியதல்ல.

அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டில் செங்கடலின் ஐதாப் துறைமுகத்திலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பார்த்த மரக்கலங்களைப் பற்றித் தன் பயண நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். அவற்றில் இரும்பாணியே கிடையாது. பலகைகளைத் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்திருந்தார்கள். மேலே நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்கள். மூன்றிலும் சிறந்தது சுறா எண்ணெய் என்பது அவர் குறிப்பு. பலகை இளகிக் கொடுக்கவும், முருகைக் கல்லில் தட்டினால் சட்டென்று உடையாமல் இருக்கவும் அந்தப் பூச்சு.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் மூத்தவாப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு இப்னு ஜுபைர் யாரென்று தெரியாது. ஆனால் வருசத்தில் ஒரு தடவை தோணியைக் கரையில் கவிழ்த்து, நல்ல வெயிலில் காய விட்டு, இடுக்குகளில் தும்பு அடைத்து, சுறா எண்ணெய் பூசுவார். அந்த நாளில் தெரு முழுக்க நாறும். உம்மம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசுவா. "தோணிக்கும் மனிசன் மாதிரி ஓய்வு வேணும்" என்று மூத்தவாப்பா சொல்வாராம். வாப்பா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

எண்ணெய் பூசுவதும் காய வைப்பதும் அந்தக் காலத்தில் தொழிலின் ஒரு பகுதி. மரம் தண்ணி குடிக்கும், உளுத்துப் போகும், கடல் புழு அரிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் கவனித்தார்கள்.

*

இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

1932இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கண்ணாடிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தார். உருகிய கண்ணாடியைக் காற்றோடு விசிறியபோது, அது எதிர்பாராமல் மெல்லிய இழைகளாகப் பறந்தது. கண்ணாடி இழையை மலிவாகச் செய்யும் வழி அப்படித் திறந்தது. அதே முப்பதுகளில் பொலியெஸ்டர் ரெசினும் உருவானது. இழையையும் ரெசினையும் சேர்த்து அச்சில் படிய வைத்தால், எந்த வடிவத்திலும் கல் மாதிரி இறுகிய ஓடு கிடைக்கும். 1942இல் ரே கிரீன் என்பவர் அதே ஒஹாயோவில் இந்த முறையில் ஒரு சிறிய பாய்ப்படகு செய்தார். 1956இல் பவுண்டி 2 என்ற பெரிய பாய்ப்படகு வந்தது. 1973இல் பிரித்தானியக் கடற்படை, பைபரால் கட்டிய எச்.எம்.எஸ். வில்டன் என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பலைச் சேவையில் சேர்த்தது. கண்ணிவெடி இரும்பின் காந்தத்தை மோப்பம் பிடிக்கும், பைபருக்கு அது இல்லை.

ஆரம்ப காலத்தில் இந்தப் புதுப் பொருள் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பயத்தில் ஓட்டைத் தாராளமாகத் தடிப்பாகவே கட்டினார்கள். விற்கிறவர்கள் சொன்னது ஒன்றுதான்: உளுக்காது, புழு அரிக்காது, பராமரிப்பே வேண்டாம்.

அந்த வார்த்தை நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டம் தொடங்கி, மூன்றரைத் தொன் போட்டுகள் அறிமுகமாயின. 1967இல் நோர்வே உதவியோடு காரைநகரில் ஒரு மீன்பிடித் திட்டம் ஆரம்பமானது. சீ-நோர் என்று நாம் கேள்விப்படும் நிறுவனத்தின் வேர் அங்கேதான். பைபர் போட் கட்டும் வேலையும் அங்கே நடந்தது. எழுபதுகளில் 17, 18 அடிச் சின்ன பைபர் போட்டுகள் வெளியிணைப்பு எஞ்சினோடு கரையோரமெங்கும் பரவின. எண்பதுகளில் தெற்குக் கரையில் தொடங்கிய பலநாள் போட்டுத் தொழில், ஐஸ் ஏற்றிக்கொண்டு கிழமைக் கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் இன்றைய முறையாக வளர்ந்தது.

பைபர் வந்ததோடு சுறா எண்ணெய் போனது. வெயிலில் காய வைக்கும் வழக்கமும் மெல்ல மெல்லப் போனது. "பராமரிப்பு வேண்டாம்" என்று சொன்னார்களே!

*

நம் கரையில் பைபர் வேரூன்றிய எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பைபர் படகு வைத்திருந்தவர்கள் அவற்றைக் கரையேற்றிப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம், மச்சானின் போட்டில் நான் பார்த்த அதே கொப்புளம். கட்டியவர் ரெசின் செய்தவரைக் குற்றம் சொன்னார், ரெசின்காரர் கட்டியவரின் கைவேலையைக் குற்றம் சொன்னார். அமெரிக்கக் கரையோரக் காவல்படைக்காக ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ரொக்கெட், வின்சன்ட் ரோஸ் ஆகியோர் ஆய்வு செய்து 1987இல் அறிக்கை கொடுத்தார்கள். கொப்புளத்தின் காரணம் தெளிவாகப் புரிய அந்த ஆய்வு பெரிதும் உதவியது.

காரணம், நாம் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் படிப்பிக்கிற பிரசாரணம்தான். பாடம் தொடங்கும்போது "சேர், எலக்சன் பிரசாரமா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்காத வருசமில்லை.

முந்திரிகை வத்தலை, நாம் பிளம்ஸ் என்கிறோமே அதை, இரவு தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் ஊதிப்போய் இருக்கும். தோலில் ஓட்டை இல்லை. ஆனால் உள்ளே சீனி இருக்கிறது. தண்ணீர் தோலூடாகச் செறிவு கூடிய பக்கத்துக்குப் போகிறது. சீனியால் அதே தோலூடாக வெளியே வர முடியவில்லை. அதனால் உள்ளே அமுக்கம் கூடி ஊதுகிறது.

போட்டிலும் இதுதான் நடக்கிறது. வெளியே பளபளவென்று தெரியும் பூச்சுக்கு ஜெல் கோட் என்று பெயர். அது நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி மாதிரி. தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது. நாள் கணக்கில், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவும். உள்ளே சரியாக இறுகாத ரெசினின் மிச்சம், கண்ணாடி மெட்டைக் கட்டியிருக்கும் பசை, காற்றுக் குமிழி விட்ட வெற்றிடம் இதெல்லாம் இருக்கும். தண்ணீரில் கரையக்கூடியவை அந்தத் தண்ணீரில் கரைந்து செறிவான கரைசலாகும். அந்தக் கரைசல் வெளியிலிருந்து மேலும் தண்ணீரை இழுக்கும். போதாதற்குத் தண்ணீர் ரெசினையும் மெதுவாகச் சிதைத்து இன்னும் கரையக்கூடிய பொருளை உண்டாக்கும். அமுக்கம் கூடக் கூட ஜெல் கோட் கொப்புளமாகத் தள்ளும். மச்சான் குத்தியபோது சீறியதும் புளித்து மணத்ததும் இதனால்தான். தெரியாமல் குத்துகிறவர்கள் முகத்தைக் கிட்ட வைக்காதீர்கள். அந்தத் தண்ணி கண்ணில் படக்கூடாது.

இதில் நமக்கு முக்கியமான இரண்டு விசயங்கள் உண்டு. ஒன்று, தண்ணீர் சூடாக இருந்தால் ஊடுருவல் வேகமாகும். நம் கடல் வருசம் முழுக்கச் சூடு. இரண்டு, உப்புத் தண்ணியை விட நல்ல தண்ணியில்தான் கொப்புளம் சீக்கிரம் வரும். வெளியே உப்புக் குறையக் குறைய உள்ளுக்கும் வெளிக்கும் செறிவு வித்தியாசம் கூடும். நம் பகுதி ஆழ்கடல் போட்டுகள் பல வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. அது களப்பு. மாரியில் ஆற்றுத் தண்ணி கலந்து உப்புக் குறையும்போது, தொழிலில்லாமல் போட்டுகள் அதற்குள்ளேயே நாள் கணக்கில் மிதக்கும்.

சின்ன போட்டுகளில் ஏன் இதை அதிகம் காணவில்லை என்று மச்சான் கேட்டார். காலையில் போய் வந்து, கரைக்கு இழுத்து, வெயிலில் கிடப்பதால்தான். குடித்த தண்ணி அன்றன்றே ஓரளவு காய்ந்து விடும். மூத்தவாப்பா சொன்ன ஓய்வு அதற்குத் தினமும் கிடைக்கிறது. பலநாள் போட்டுக்கு அது கிடைப்பதில்லை.

*

இந்த வரலாற்றில் நம் ஊருக்கென்று ஒரு அத்தியாயம் உண்டு. எழுதக் கஷ்டமான அத்தியாயம்.

2004 டிசம்பர் 26. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம். 10,000க்கு மேல். நாட்டின் மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி அழிந்தோ சேதமாகியோ போனது. உலகமெங்கும் இருந்து உதவி வந்தது. எல்லாரும் போட் கொடுக்க முன்வந்தார்கள். அந்த உதவி இல்லையென்றால் எத்தனையோ குடும்பங்கள் எழும்பியிருக்காது. நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் அவசரத்தில் அனுபவமில்லாதவர்களும் போட் கட்டினார்கள். கட்டிய சில போட்டுகளின் தரம் மோசம் என்று பிறகு மீன்பிடித் துறையில் உள்ளவர்களே பேசினார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கிடைத்த போட்டுக்கு மூன்று வருசம்தான் ஆயுள். எஞ்சின் பூட்டும் பின்பக்கத்துக்குள் வைத்திருந்த பலகைக்குள் தண்ணி இறங்கி, பலகை ஊறி, உளுத்துவிட்டது. வெளியே பைபர் நன்றாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் கடலில் எஞ்சினோடு சேர்ந்து பின்பக்கமே பிரிந்தது. பக்கத்தில் வேறு போட் நின்றதால் ஆளைக் காப்பாற்றினார்கள். அல்லாஹ்வின் காவல். பைபருக்குள் இறங்குகிற தண்ணி உயிரோடு விளையாடுகிற விசயம் என்று எனக்கு அன்று தெரியாது. எனக்கு அப்போது பாடசாலை வயது.

*

சரி, என்ன செய்யலாம்? வாசித்ததையும், பழகிய தொழிலாளர்களிடம் கேட்டதையும் சுருக்கமாகத் தருகிறேன்.

புதுப் போட் கட்டக் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியவை:

1. எந்த ரெசின்? மலிவானது ஓர்தோ. அதைவிடத் தண்ணியைத் தாங்குவது ஐசோ. அதற்கும் மேலே வினைல் எஸ்டர். முழுப் போட்டுக்கும் விலை கட்டாது என்றால், ஜெல் கோட்டும் அதற்கு அடுத்த முதல் படைகளுமாவது நல்ல ரெசினில் இருக்கட்டும். தண்ணியைத் தடுக்கும் வேலை அங்கேதான்.

2. வெளிப்பக்க முதல் படைக்கு எந்த மெட்? பவுடர் பசை போட்ட மெட், எமல்சன் பசை போட்டதை விடத் தண்ணிக்கு நல்லது.

3. ஜெல் கோட் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர், எல்லா இடமும் ஒரே அளவாக. மெல்லியதானால் சரியாக இறுகாது, தடித்தால் வெடிக்கும்.

4. ஹார்ட்னரை அளந்துதான் ஊற்ற வேண்டும். அநேகமாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வீதம். கண் மட்டத்துக்கு ஊற்றினால் ஒன்றில் இறுகாது, அல்லது வெந்து போகும். ஹார்ட்னரையும் கொபால்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

5. மழை நாளில், ஈரக் காற்றில் கட்ட விடாதீர்கள். ரோலரால் உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றுகிறார்களா என்று நின்று பாருங்கள்.

போட் வைத்திருப்பவர்களுக்கு: உள்ளே தேங்கும் தண்ணியைத்தான் நாம் மறந்து போகிறோம். உள்பக்கத்தில் ஜெல் கோட் கிடையாது. தேங்கிய தண்ணியும் மழைத் தண்ணியும் அங்கிருந்தே பைபருக்குள் இறங்கும். கட்டிக் கிடக்கும்போது இறைத்துக் காய விடுங்கள். ஆணிக்கோ நட்டுக்கோ துளை போட்டால், துளையின் உள்விளிம்பை ரெசினால் அடைக்காமல் பூட்ட வேண்டாம், அதுவும் பின்பக்கப் பலகையில். வருசத்தில் ஒரு தடவையாவது கரையேற்றிக் கொஞ்ச நாள் காய விடுங்கள்.

கொப்புளம் வந்துவிட்டால்: ஈரத்தின் மேல் புட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது, சீழை உள்ளே விட்டுப் பிளாஸ்டர் ஒட்டுவது போல. கொப்புளத்தைத் திறக்க வேண்டும். நிறைய இருந்தால் அந்தப் பகுதி ஜெல் கோட்டையே எடுக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணியால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். "தண்ணியால வந்த வருத்தத்துக்குத் தண்ணியா மருந்து?" என்று மச்சான் சிரித்தார். உள்ளே இருக்கும் கரையக்கூடிய பொருளை வெளியேற்றத்தான் கழுவுவது. அது உள்ளே இருக்கும்வரை திரும்பவும் தண்ணியை இழுக்கும். கழுவிய பிறகு காய விட வேண்டும். நாள் கணக்கில் இல்லை, கிழமைக் கணக்கில், சில நேரம் மாதக் கணக்கில். காய்ந்ததா என்று பார்க்க ஒரு லேசான வழி: கண்ணாடி மாதிரிப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி விடுங்கள். அடுத்த நாள் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்காமல் சில நாள் தொடர்ந்தால் வேலை தொடங்கலாம். நிரப்புவதும் பூசுவதும் எப்பொக்சியில், பல பூச்சாக. பொலியெஸ்டரை விட அது தண்ணியை நன்றாகத் தடுக்கும்.

*

சொல்வது லேசு. இதில் உள்ள கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். நம் கரையில் போட் சும்மா கிடப்பது மாரியில். அப்போது மழை. காய வைக்க ஏற்ற வெயில் வரும் காலம்தான் உழைப்பும் வரும் காலம். காய வைப்பதென்றால் உழைக்கிற நாளை விட வேண்டும்.

மச்சான் ஒரு கிழமை யோசித்தார். பிறகு காய விடச் சம்மதித்தார். நாலு தொழிலாளர்களில் இரண்டு பேர் கரைவலைக்குப் போனார்கள், ஒருவர் மேசன் வேலைக்குப் போனார், ஒருவர் மச்சானோடு நின்று கழுவினார். மூன்றாம் கிழமையும் பொலித்தீன் வியர்த்தது. ஐந்தாம் கிழமையும் வியர்த்தது. அன்று இரவு மச்சான் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் கேட்டார்: "உங்கட வரலாற்றப் போட்டு உல வெக்க ஏலுமா மச்சான்?"

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு மாசம் முடியச் சம்பளம் வரும். அவருக்கு வராது. அந்த மாச வங்கி வட்டியை ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினோம்.

ஏழாம் கிழமைதான் பொலித்தீன் காய்ந்து இருந்தது. எப்பொக்சி பூசி, போட்டை இறக்கினார்கள். பத்து மாசத்துக்குப் பிறகு இந்த வருசம் கரையேற்றிப் பார்த்தோம். ஏராப் பக்கம் மூன்று சின்னக் கொப்புளம். மீதி அல்ஹம்துலில்லாஹ். முழுதாகச் சுகமானதா என்று சொல்ல இன்னும் சில வருசம் போக வேண்டும். மச்சான் அந்த மூன்றையும் சோக்கால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். இனி வருசா வருசம் பார்ப்பாராம்.

நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். மரத்துக்குத் தண்ணி ஆகாது என்று தெரிந்த தலைமுறை அதைக் கவனித்தது. பைபருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிய தலைமுறை கவனிப்பதை விட்டது. பொருள் மாறியது பிழையில்லை. மூத்தவாப்பாவின் பழக்கத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டதுதான் பிழை.

நம் பாடசாலைப் பிள்ளைகளில் பலரின் வாப்பாமார் இன்றிரவும் கடலில்தான் நிற்கிறார்கள். பிரசாரணம் படிப்பிக்கும்போது இப்போது நான் உருளைக்கிழங்கோடு, மச்சானின் போட்டிலிருந்து எடுத்த ஒரு ஜெல் கோட் துண்டையும் வகுப்புக்குக் கொண்டு போகிறேன். போன கிழமை பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அப்ப எங்கட வாப்பாட போட்டயும் காய வெக்கச் சொல்லட்டா?"

சொல்லுங்க மகள், கட்டாயம் சொல்லுங்க என்றேன்.

பழைய மரத்தோணி கட்டிய, எண்ணெய் பூசிய மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் செய்த முறையைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். என்ன எண்ணெய், எந்த மாசம், எத்தனை நாள் காய விட்டார்கள் என்று. அவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே எழுதி வைப்போம். கடலில் நிற்கிற எல்லாரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக.